சுரண்டாத பாதி

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் அசையாமல் நின்றுவிட்டால் ஊரே சாபம் விடும். திருவொற்றியூரில் இரண்டு பேர் மட்டும் மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி கார்குழலி, இன்னொருத்தி டாக்டர் ராமசெல்வி. லாரி ஓடினால் தரை நடுங்கும், தரை நடுங்கினால் மேஜை நடுங்கும். மேஜை நடுங்கினால், கண்ணுக்கே தெரியாத ஊசிமுனையை இறக்கி டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்க்கிற இவர்கள் வேலை அம்போதான். அதிர்வைத் தாங்கும் மேஜை என்றுதான் வாங்கினார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அடியில் இருக்கிற காற்று மெத்தை ஒழுகிக்கொண்டே இருக்கும்.

மூடிக்கிடந்த ஒரு பழைய தொழிற்சாலையின் பின்கட்டில், பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய சின்ன ஆய்வுக்கூடம் அது. கடல்காற்று ஒரு துளி நுழையாதபடி கதவு ஜன்னலெல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருக்கும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். ராமசெல்வி கல்மண்டபத்தில் மிளகு, சீரகம் மொத்த வியாபாரம் செய்யும் ராசையாவின் மகள். முப்பத்து நாலு வயது. மகள் ஏதோ டிவி ரிப்பேரில் பெரிய படிப்பு படித்திருக்கிறாள் என்றுதான் ராசையா இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கார்குழலி வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடி. நாற்பத்திரண்டு வயது, ஐ.டி.ஐ. படிப்பு. மணலியில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் சர்க்யூட் போர்டு ரிப்பேர் பார்த்துவிட்டு, இங்கே ஒப்பந்தத்தில் டெக்னீஷியனாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

வந்த முதல் நாளே அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லவேண்டும். ராமசெல்வி மைக்ராஸ்கோப்பின் கீழே ஒரு துண்டை வைத்து, பாருங்கக்கா என்றாள். வெளிர் நீலத்தில் முக்கோணம் முக்கோணமாக என்னவோ தெரிந்தது. ஒவ்வொன்றின் குறுக்களவும் தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இது எவ்வளவு உயரம் இருக்கும் என்று கார்குழலி கேட்டாள். மூணு அணு, என்று பதில் வந்தது. கந்தக அணு ஒரு வரிசை, நடுவில் மாலிப்டினம், கீழே மறுபடி கந்தகம். அவ்வளவுதான், அதோடு பொருள் முடிந்துபோகிறது.

கார்குழலி கண்ணை எடுக்கவேயில்லை. அவள் கைபட்ட போர்டுகளுக்குக் கணக்கு வழக்கில்லை. எல்லாவற்றுக்கும் மேல் பக்கம், அடிப்பக்கம், நடுவில் கொஞ்சம் சதை இருந்தது. இதற்குச் சதையே கிடையாது. தோலும் இதுதான், எலும்பும் இதுதான். உலகத்தில் இதைவிட மெல்லிசாக ஒன்று இருக்கமுடியுமா என்று கேட்டாள். கொஞ்சம் இருக்கு, ரொம்ப இல்லை என்று ராமசெல்வி சிரித்தாள். அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது கார்குழலி தன் விரல் நகத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மலை மாதிரி தெரிந்தது. புருஷன் பாரி, கையில் இன்னா அடிபட்டுச்சா என்று கேட்டான்.

அந்த மூன்று அணுத் தகட்டில் டிரான்சிஸ்டர் செய்வதுதான் வேலை. டிரான்சிஸ்டர் என்பது ஒரு சுவிட்ச். போனுக்குள்ளே அப்படிப்பட்ட சுவிட்சுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, வருஷத்துக்கு வருஷம் இன்னும் சின்னதாகிக்கொண்டே வருகின்றன. சின்னதாக ஆக, ஒரு தொல்லை பெரிசாகிறது. மின்சாரம் தகட்டுக்குள்ளே நன்றாகத்தான் ஓடுகிறது, தகராறெல்லாம் வாசலில்தான். தகட்டுக்கு இரண்டு பக்கமும் உலோகத்தைப் படியவைத்து மின்சாரத்தை உள்ளே அனுப்பவேண்டும். உலோகமும் தகடும் சேருகிற அந்த இடத்தில் மின்சாரம் தயங்கி நிற்கும், சூடாகும், வீணாகும். அதைத்தான் காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் என்பது. அதைக் குறைக்கத்தான் ராமசெல்வி பதினாலு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். முரட்டு உலோகம் மேலே விழுந்தால் தகடு கிழியும் என்பதால், பிஸ்மத் என்கிற மென்மையான உலோகத்தைப் பிடித்தாள். வெளிநாட்டில் அதைவைத்து வாசலை ஏறக்குறைய திறந்தே காட்டியிருந்தார்கள். இங்கே நாற்பத்தோரு சாம்பிள் செய்தாயிற்று, ஒன்றும் உருப்படவில்லை. இரண்டு பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. பிஸ்மத் நம்ம கைக்குச் சரிப்படாது என்று ஒரு மாநாட்டு மேடையிலேயே அவள் ஒப்புக்கொண்டு வந்திருந்தாள்.

இதற்கு நடுவில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு வரும். காட்டும்படி ஒன்றும் இல்லையென்றால் மார்ச் கடைசியில் அறையைப் பூட்டி, இயந்திரங்களை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். கார்குழலிக்குச் சோற்றுக்குப் பயமில்லை, மணலிக் கம்பெனியில் நாளைக்கே கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் அந்த மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது?

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். கார்குழலியின் அப்பா பக்தவச்சலம் டோல்கேட்டில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். செப்புக் கம்பியின் மேல் இருக்கும் வார்னிஷைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் கம்பியோடு கம்பியைச் சேர்க்கவேண்டும். பத்து வயதிலிருந்தே அது அவள் வேலை. மணலியிலும் அதேதான், ஈயம் வைக்கும் முன்னால் சுரண்டு, துடை, பளபளவென்று ஆக்கு. சுரண்டாமல் சேர்ப்பது அவள் கைக்குக் குளிக்காமல் கோயிலுக்குப் போகிற மாதிரி. இங்கே தகட்டின் மேல் ஒரு பூச்சைப் பூசி, உலோகம் படியவேண்டிய இடத்தில் மட்டும் ஜன்னல் திறப்பார்கள். திறந்த ஜன்னலில் பூச்சின் மிச்சம் லேசான மூட்டம் மாதிரி ஒட்டியிருக்கும். திரவத்தில் அலசிவிட்டு நேராக உலோகத்துக்கு அனுப்பு என்றுதான் ராமசெல்வியின் செய்முறைத் தாள் சொன்னது. அதெப்படி அழுக்கோடு அனுப்புவது? பக்கத்திலேயே பிளாஸ்மா இயந்திரம் இருந்தது. ஆர்கான் வாயுவை ஊதா வெளிச்சமாக எரியவிட்டு மேல்பரப்பைத் தேய்க்கிற பெட்டி. ஆகக் குறைந்த பவரில் பத்தே விநாடி காட்டுவாள். மூட்டம் போய் ஜன்னல் பளிச்சென்று ஆகிவிடும். இதை அவள் நோட்டில் எழுதியதில்லை, யாரிடமும் மறைத்ததும் இல்லை. சமைக்கும்போது கை கழுவியதை யாராவது எழுதிவைப்பார்களா?

திங்கட்கிழமை நாற்பத்திரண்டாவது சாம்பிள். ஜன்னல் திறந்து அலசியாயிற்று. பிளாஸ்மா பெட்டியில் வைத்தால் வெளிச்சம் வரவில்லை, ஆர்கான் சிலிண்டர் காலி. புது சிலிண்டர் ஏற்றிய வண்டி டிரெய்லர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு எர்ணாவூர் தாண்டவில்லை என்று டிரைவர் போனில் புலம்பினார். உலோகத்தைப் படியவைக்கிற இயந்திரம் சூடேறி, காற்றை உறிஞ்சத் தயாராக நின்றது. இதைவிட்டால் அடுத்த முறை வியாழக்கிழமைதான். கார்குழலிக்கு மனசே ஒப்பவில்லை. ஜன்னலில் மூட்டம் அப்படியே தெரிந்தது. வேறு வழியில்லாமல், அரைகுறையாகக் கழுவிய பாத்திரத்தில் சோறு போட்ட குற்ற உணர்ச்சியோடு சாம்பிளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டு விழும் என்று நினைத்தாள்.

சாயங்காலம் டிரெய்லர்கள் இன்னும் நகரவில்லை, தரை கம்மென்று இருந்தது. ராமசெல்வி ஊசிகளை இறக்கினாள். திரையில் வரைகோடு ஏற ஆரம்பித்தது. வழக்கமாக அந்தக் கோடு தரையோடு படுத்துக் கிடந்துவிட்டு, நெட்டித் தள்ளினால்தான் முணுமுணுத்துக்கொண்டு வளைந்து எழும்பும். வாசலில் மின்சாரம் தயங்குகிறது என்பதற்கு அந்த வளைவுதான் அடையாளம். இன்றைக்குக் கோடு வளையவில்லை. மூலையிலிருந்து மூலைக்கு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராகப் போனது.

ராமசெல்வி அடுத்த டிரான்சிஸ்டருக்கு ஊசியை நகர்த்தினாள். நேர்கோடு. அதற்கடுத்தது, நேர்கோடு. பன்னிரண்டும் நேர்கோடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பழைய ரெசிஸ்டன்ஸில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ராமசெல்வி நாற்காலியை விட்டு இறங்கி வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாசலே இல்லாத மாதிரி போகுதுக்கா," என்றாள்.

கார்குழலி திரையைப் பார்த்தபடியே நின்றாள். மூன்று அணு உயரத்தில் ஒரு தகடு. அதன் மேல் உலோகம் படிந்திருக்கிறது, ஆனால் காயப்படுத்தவில்லை. இரண்டும் ஒன்றையொன்று கிழிக்காமல் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொடுதல் வழியாக மின்சாரம், கேட்காமல் தன் வீட்டுக்குள் போகிற பிள்ளை மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. அவளுக்குப் புல்லரித்தது. எந்தக் கோயிலிலும் அவளுக்கு இப்படிக் கண் கலங்கியதில்லை. நெஞ்சு நிறைந்து கையெடுத்துக் கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது, வெள்ளைக் கையுறையோடு எப்படிக் கும்பிடுவது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டாள்.

அப்போதுதான் ராமசெல்வி கேட்டாள், இன்னைக்கு ஏதாவது மாத்திச் செஞ்சீங்களா அக்கா என்று.

"ஒண்ணும் இல்ல மேடம்."

யோசிக்கும் முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கார்குழலிக்கு உறைத்தது. நாற்பத்தொன்றுக்குப் பத்து விநாடி காட்டினாள், எல்லாம் போச்சு. ஒன்றுக்குக் காட்டவில்லை, அது பிழைத்தது. மூன்றே அணு இருக்கிற இடத்தில் சுரண்டினால் சுரண்ட என்ன மிஞ்சும்? அழுக்கைச் சுரண்டுவதாக நினைத்துத் தகட்டையே சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் வாசல் இருக்கிற அந்த ஜன்னலில் மட்டும், பூச்சுக்குக் கீழே மற்ற இடமெல்லாம் பத்திரமாக இருக்க. சுரண்டிய இடத்தை உடனே உலோகம் மூடிவிடும், அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது ராமசெல்வி குழுவுக்கான அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தாள். வெற்றிக்குக் காரணம் என்ன என்ற இடத்தில், இந்த முறை பிஸ்மத்தை வழக்கத்தைவிட மெதுவாகப் படியவைத்ததுதான் என்று எழுதியிருந்தாள். கார்குழலி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு வகையில் பார்த்தால் தப்பித்தாயிற்று. இனிமேல் பிளாஸ்மா பெட்டியைத் தொடாமல் இருந்தால் போதும். சாம்பிளெல்லாம் நன்றாக வரும், அறை பூட்டப்படாது, மைக்ராஸ்கோப் எங்கேயும் போகாது, மேடம் சந்தோஷமாக இருப்பாள். இத்தனை நாள் கெடுத்தது யார் என்று ஈ காக்காய்க்குக்கூடத் தெரியவராது. சொல்லிவிட்டால்? பதினாலு மாதத்தைத் தின்றவளை யார் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்?

மத்தியானம் வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ஆனால் அந்த நேர்கோடு கண்ணை விட்டுப் போகவில்லை. அத்தனை நேர்மையாக ஒன்று ஏறி வந்திருக்கிறது, அதற்குக் கீழே பொய்க் காரணத்தை எழுதவிடுவதா? அறிக்கையை நம்பி எந்த ஊரிலோ இன்னொருத்தி மெதுவாக மெதுவாக உலோகத்தைப் படியவைத்துப் பார்த்து, பதினாலு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வாள். சோற்று டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய் ராமசெல்வியின் மேஜை பக்கத்தில் நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். இத்தினி நாளா நாந்தான் கெடுத்துகினு இருந்திருக்கேன்."

ஒன்று விடாமல் சொன்னாள். வைண்டிங் கடை, பிளேடு, மூட்டம், பத்து விநாடி, காலி சிலிண்டர், எல்லாம். ராமசெல்வியின் முகம் வெளிறிப்போய்விட்டது. பதினாலு மாசம், என்று இரண்டு தரம் சொன்னாள். மேடையேறி எல்லார் முன்னாலும் தோத்தேன்னு சொல்லிட்டு வந்தேனே என்றாள். அப்புறம் வெள்ளை உடுப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் கேட்டுக்குப் போய், ஊர்ந்துகொண்டிருந்த டிரெய்லர்களைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். கார்குழலி உள்ளே தன் ஸ்க்ரூ டிரைவர், சாமணம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். எப்படியும் போகச் சொல்லத்தான் போகிறாள் என்று முடிவு செய்துவிட்டாள்.

ராமசெல்வி திரும்பி வந்து பையைப் பார்த்தாள். கடைசித் தகட்டுத் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"ஒரு தடவ விட்டீங்க, ஒரு தடவ வந்துச்சு. அத வச்சு நான் எப்படி நம்புறது? இதுல பாதிய மூடுங்க. பாதிய நீங்க எப்பவும் சொரண்டுற மாதிரி சொரண்டுங்க. உங்க கையாலயே."

வியாழக்கிழமை ஜன்னலெல்லாம் திறந்து அலசிய பிறகு, கார்குழலி மெல்லிய கண்ணாடித் துண்டால் பாதியை மூடினாள். புது ஆர்கான் வந்திருந்தது. தகட்டைப் பெட்டிக்குள் வைத்தாள், பொத்தானில் விரலும் வைத்தாள், ஆனால் அழுத்த வரவில்லை. நாற்பத்தோரு தரம் தெரியாமல் அழுத்திய பொத்தான். தெரிந்துகொண்டு அழுத்துவது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு யார் சொன்னது? உள்ளே மூடாத பாதியில், டிரான்சிஸ்டர் ஆகப்போகிற ஆறு இடம், மூன்று அணு உயரத்தில், அவளை நம்பிப் படுத்திருந்தது. வேணாம் மேடம், நான் சொல்றத நம்பிடுங்களேன் என்று கேட்கக்கூட வாய் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். நம்பச் சொல்வதற்கு இங்கே இடமில்லை, காட்டத்தான் இடமிருக்கிறது. அழுத்தினாள். ஊதா வெளிச்சம் பொங்கியது. ஒன்று, இரண்டு என்று பத்துவரை வாய்விட்டு எண்ணினாள்.

இரண்டு பாதியிலும் ஒன்றாக உலோகத்தைப் படியவைத்து, சாயங்காலம் அளந்தார்கள். மூடிய பாதியில் ஆறும் நேர்கோடு. ராமசெல்வி ஊசியைச் சுரண்டிய பாதிக்கு நகர்த்தினாள். கோடு தரையோடு படுத்தது, முணுமுணுத்தது, வளைந்தது. ஆறும் அப்படியே வளைந்தன. ஒரே தகடு, ஒரே உலோகம், ஒரே நாள், ஒரே கை. நடுவில் பத்து விநாடி மட்டும்.

கார்குழலிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தன் தப்பு திரையில் கோணலாக ஏறியதைப் பார்த்து ஒருத்தி சந்தோஷப்பட முடியுமா? பட்டாள். இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கும்போது அது தப்பு மாதிரியே தெரியவில்லை. இத்தனை மெல்லிய ஒன்று, தன்னை யார் எப்படித் தொட்டார்கள் என்பதை ஒன்றுகூட மறக்காமல் சொல்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. ராமசெல்வி அறிக்கையில் எழுதிவைத்த காரணத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கோடுகளையும் ஒட்டினாள். வளைஞ்ச கோட்ட நாளைக்கு நீங்கதான் விளக்கணும் என்றாள். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று கார்குழலிக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அதில் பெரியவர் சவரிநாதன், ரிடையர் ஆன பேராசிரியர், முகத்தில் சிரிப்பே கிடையாது. கார்குழலி திரை பக்கத்தில் நின்று, இது சொரண்டாத பாதி, இது நான் சொரண்டின பாதி, இது மாதிரி நாப்பத்தோரு தபா சொரண்டி வச்சேன் என்று சொல்லி முடித்தாள். ஒருவர் ராமசெல்வியைப் பார்த்து, பதினாலு மாதத்தில் ஆகக்கூடி உங்களிடம் இருப்பது இந்த இரண்டு நல்ல சாம்பிள்தானா என்று கேட்டார். ராமசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

சவரிநாதன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவேயில்லை. எழுந்து திரைக்குக் கிட்டே வந்து, வளைந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்குழலி பக்கம் திரும்பி, கெட்டுப்போன அந்த நாற்பத்தொன்றையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டார். சாதாரணமாக எந்தக் கூடத்திலும் போட்டுவிடுவார்கள்.

"இல்ல சார். எல்லாத்தையும் டப்பால போட்டு, தேதி எழுதி வச்சிகினு கீறேன். தூக்கிப் போட மனசு வரல. கெட்டுப்போனாலும் எவ்ளோ அழகா கீது."

ராமசெல்வி சட்டென்று தலை நிமிர்ந்தாள். அவளுக்கே இது தெரியாது. சவரிநாதன் மற்ற இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்:

"நாப்பத்தொரு சாம்பிள், ஒரே கை, ஒரே பத்து விநாடி. காயம் பட்டா வாசல் எப்படி அடைபடுதுன்னு இவ்வளவு சுத்தமா யாருகிட்டயும் இல்ல. இதுக்காக எத்தனையோ பேர் காத்துகிட்டிருக்காங்க. இந்த அறைய பூட்டக்கூடாது."

கார்குழலிக்குக் காது அடைத்துப்போனது. யாரோ என்னவோ கேட்டார்கள், ராமசெல்வி என்னவோ பதில் சொன்னாள். அக்கா, டப்பாவயெல்லாம் எடுத்துட்டு வாங்க என்று ராமசெல்வி கூப்பிட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. அலமாரியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து தேதி வரிசையில் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். ஒரே தடவையில் தூக்கமுடியாத அளவுக்கு இருந்தது. ராமசெல்வி வந்து பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.